கூட்டி வைத்த மைக்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்பது.

அருணகிரி சொந்த ஊரில் இருபத்தைந்து வருடம் கைராசி டாக்டர் என்று பெயர் வாங்கியவர். ஹார்மோன் நோய்களைப் பற்றி ஒரு வருடம் படிக்கலாம் என்று பெரிய மருத்துவமனைக்கு வந்து, டாக்டர் தமயந்தியிடம் சேர்ந்திருந்தார். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, படிப்புதான் இழுத்துக்கொண்டிருந்தது.

அன்று செண்பகவல்லி வந்திருந்தாள். தீப்பெட்டி ஒட்டும் ஆபீசில் வேலை, இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு வருடமாகக் குழந்தை இல்லை. ஐந்து மாதமாக மாதவிடாயும் வரவில்லை. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள் என்று எழுதியிருந்தது. கூட மாமியார்.

"எடை ஒரு கிலோகூடக் குறையலையே" என்றார் அருணகிரி.

மாமியார் முந்திக்கொண்டார். "நீங்க போன தடவை சத்தம் போட்டீகல்ல டாக்டர், அன்னையிலேருந்து நான் ஒருவேளைச் சோறுதான் போடுதேன். கழுத்துல அழுக்கு வேற. நார் வச்சுத் தேச்சும் போக மாட்டேங்கு."

தமயந்தி பார்த்தார். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தது. தேய்த்த இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க."

செண்பகவல்லி தலை நிமிரவில்லை. "ஆபீஸ்ல மயக்கம் வருது. டீயில சீனி கூடப் போட்டுக் குடிப்பேன். வேற ஒண்ணும் திங்கல. இனிமே நான் இங்க வரல டாக்டர்."

"சரி, கொஞ்ச நேரம் வெளிய உக்காரும்மா. கூப்பிடுறோம்."

அவர்கள் போனதும் அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்லுது மேடம். சர்க்கரை ரிப்போர்ட் நார்மல். ஒருவேளைதான் சாப்பிடுதுன்னா எடை ஏன் குறையல?"

தமயந்தி எழுந்து கூடத்துக்குப் போனார். அருணகிரியும் பின்னால் போனார்.

நோயாளிகள் காத்திருக்கும் அந்தக் கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. நர்ஸ் அமலி மைக்கில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைதான் ஒருவர் எழுந்து வந்தார்.

"அமலி, போன வருஷம் மைக் சத்தம் எதுல இருந்துச்சு?"

"பாதியில மேடம். யாருக்கும் காது கேக்க மாட்டேங்குது. கூட்டிக் கூட்டி இப்ப முழுசுல வச்சிருக்கேன்."

"கூப்பிட்டவங்க வர்றாங்களா?"

"வராம? நேத்து நூத்திருபது பேரையும் பாத்தாச்சு." ரிஜிஸ்டரை நீட்டினார். எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்திருந்தது.

தமயந்தி அதை அருணகிரியிடம் கொடுத்தார். "எப்படியிருக்கு சார்?"

"நார்மலா இருக்கு" என்றவர், சொன்ன வாயோடு மைக்கைத் திரும்பிப் பார்த்தார்.

அமலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. ஸ்பீக்கருக்குக் கீழே அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை மட்டும் தூக்கிவாரிப்போட்டு வீறிட்டது.

"அந்தக் குழந்தையை யாராவது கூப்பிட்டாங்களா?" என்று அருணகிரியைக் கேட்டார் தமயந்தி.

"இல்ல."

தமயந்தி அறைக்குத் திரும்பினார். அருணகிரி வந்து உட்காரக் கொஞ்ச நேரமாயிற்று. உட்கார்ந்தவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்கல. அதனால இன்னும் இன்னும் சுரக்குது. கத்திக் கத்தி வேலையை முடிச்சுடுது. அதான் சர்க்கரை நார்மல். கூடுதலா இருக்கிற இன்சுலின் கொழுப்பைக் கரைய விடாது. கழுத்துக் கறுப்பும் அதனாலதான். ஆனா சினைப்பைக்கு மட்டும் காது அடைக்கல. அந்தச் சத்தத்துல அது ஆண் ஹார்மோனைக் கூடுதலாச் சுரக்குது. கருமுட்டை வெளிய வர்றதில்ல."

"ம்."

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லல."

"இல்ல."

"என்ன கொடுக்கலாம் மேடம்?"

"உடம்புக்குக் காது கேக்கிற மாதிரி ஒரு மாத்திரை. பட்டினி வேண்டாம். மூணு வேளையும் சாப்பிடட்டும். சோறு கொஞ்சம், பயறும் காயும் கூடுதலா. சாப்பிட்டதும் நடக்கட்டும். டிவியை அணைச்சா மைக்கைக் குறைக்கலாம்ல, அது மாதிரி."

அருணகிரிக்கு மனசு கேட்கவில்லை. "நானும் இதைத்தானே மேடம் சொன்னேன்? சாப்பாட்டைப் பாத்துச் சாப்பிடு, நடன்னு. மூணு தடவை சொன்னேன். கடைசியில சத்தம் போட்டே சொன்னேன்."

தமயந்தி செண்பகவல்லியின் மருந்துச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"யாருக்குக் கேட்டுச்சு சார்?"

அருணகிரி எழுந்து கூடத்துக்குப் போனார். மாமியாரை அமலியின் மேசைப் பக்கம் உட்காரச் சொன்னார். பிறகு செண்பகவல்லிக்குப் பக்கத்தில் காலியான இடத்தில் தானே போய் உட்கார்ந்தார்.