மருந்துச் சீட்டில் எழுதிய பெயர்

டாக்டர் அமலதாஸ் முப்பது வருடம் இருதய அறுவை செய்து கைதேர்ந்தவர். ஓய்வு பெற்றதும், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான டாக்டர் பூங்கோதையிடம் பாடம் கேட்க மணப்பாறைக்கு வந்தார். மனிதருக்கு மனிதரே பாதி மருந்து என்று பூங்கோதை எழுதிய புத்தகத்தை அவரால் நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

வந்த அன்றே கேட்டார்.

"உறவும் மருந்துன்னு எழுதியிருக்கீங்க மேடம். அதை எத்தனை மில்லிகிராம் எழுதிக் கொடுப்பீங்க?"

பூங்கோதை சிரித்தார். அடுத்த நோயாளியை வரச் சொன்னார்.

வந்தவர் சடையப்பன். அசாம் வரைக்கும் லாரி ஓட்டியவர். மனைவி போனபின் தனிக்கட்டை. சர்க்கரை நோயால் வலது காலில் ஆறாத புண். கட்டு மாற்ற வருவதில்லை; மாத்திரையும் விழுங்குவதில்லை. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று அமலதாஸ் கண்டிப்பாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளுங்கள், இனி எந்த ஊருக்குப் போகப் போகிறேன் என்றார் சடையப்பன்.

பூங்கோதை திட்டவில்லை. சடையப்பன் குடியிருக்கும் தெருவின் கோடியில் சபுரா பீவி என்று ஒரு அம்மா இருக்கிறார், பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது, கைப்பயிற்சிக்கு இங்கே ஆட்டோவில் தனியே வரப் பயப்படுகிறார் என்றார். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே எழுதினார்: 'செவ்வாய், வெள்ளி, காலை பத்து மணி. சபுரா பீவியைப் பத்திரமாகக் கூட்டி வரவும்.'

அமலதாஸுக்கு அது விளையாட்டாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை ஆட்டோ வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. ஐப்பசி அடைமழையிலும் நிற்கவில்லை. இறங்கும்போதே இருவரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மார்கழியில் புண் சுருங்கியது. மாசி பிறக்கையில் மூடிவிட்டது. சபுரா பீவி இடது கையால் டீ கிளாஸைத் தூக்கிக் குடித்தார்.

அமலதாஸ் சடையப்பனைத் தனியே அழைத்து, எதனால் குணமானது என்று கேட்டார். சடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் காலை விடுங்க சார். அந்தம்மா கையைத் தூக்க வச்சது நான்தான்."

அடுத்து அமலதாஸ் சபுரா பீவியிடம் போனார். அந்த அம்மா மடித்து வைத்திருந்த தன் சீட்டை நீட்டினார். அதிலும் பூங்கோதையின் கையெழுத்து: 'செவ்வாய், வெள்ளி. சடையப்பன் ஏமாற்றப் பார்ப்பார். விடாமல் இழுத்து வரவும்.'

"அந்த மனுஷன் காலைக் காப்பாத்த நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார் சபுரா பீவி. சொல்லும்போது தலை நிமிர்ந்திருந்தது.

அமலதாஸ் நேரே பூங்கோதையின் அறைக்குப் போனார்.

"ரெண்டு பேருமே வைத்தியர் மாதிரி பேசுறாங்க. அப்ப நோயாளி யாரு மேடம்?"

பூங்கோதையின் முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"தை மாசம் வரைக்கும் ரெண்டு பேர் இருந்தாங்க சார். இப்ப ஒருத்தரும் இல்ல."