அனுமதி பெறாத வயிறு

ஒரு ஏரியும் ஒரு ராஜாவும் நிரம்பி வழிந்த நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. ஏரியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. ராஜா அதிரூபசிங்கரிடம் யோசனைகள் நிரம்பியிருந்தன. ஏரிக்காவது மடை உண்டு.

அந்த நாட்டுக் குடியானவர்களிடம் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கயிறு தொங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நீர்கட்டி, மடையைத் திறந்ததும் கொம்பு ஊதி, "மேல்மடைக்குத் தண்ணீர்!" என்றோ "கீழ்மடைக்குத் தண்ணீர்!" என்றோ கூவுவார். மேல்மடை என்றால் இரட்டை முடிச்சு, கீழ்மடை என்றால் ஒற்றை முடிச்சு. அவரவர் வாசல் கயிற்றில் அவரவர் போட்டுக்கொள்வார்கள். கயிறு கட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பழைய முடிச்சு ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதற்குப் பிறகு விழுந்த எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். அதையும் இருநூற்று நாற்பது வாசலில் அவிழ்க்க வேண்டும். அவ்வளவு சுறுசுறுப்பான திருடன் அந்த நாட்டில் பிறக்கவில்லை.

ஒருநாள் நகர்வலம் போன ராஜா கயிறுகளைப் பார்த்து அசந்துபோனார். "இது நம் அரண்மனைக்கும் வேண்டும்!" என்றார்.

பிரதானி திருமேனிநாதருக்கு மேல்மடையில் நிலம். கீழ்மடைக்காரர்களின் பங்கை அந்தக் கயிறுகள் காப்பாற்றி வந்ததில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"அற்புதமான யோசனை, பிரபு! ஆனால் கண்டவரும் முடிச்சுப் போடுவதா? மீன் விற்பவள் கயிறும் நம் கயிறும் ஒன்றா? அனுமதி பெற்ற ஏழு பேர் போதும். ஏழு பட்டுக் கயிறு, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு முத்திரை. ஏழும் ஒத்திருந்தால் அதுவே உண்மை."

பட்டு என்றதும் ராஜா சம்மதித்தார். அந்த ஏழு பேர் யார் என்றால், பிரதானி, அவருடைய மைத்துனர்கள் மூவர், சம்பந்திகள் இருவர், தினமும் அவர் வீட்டில் சாப்பிடுகிற ஒருவர். ஊர்க் கயிறுகளை அறுத்தெறிந்தார்கள். பட்டுக் கயிறுகள் சபா மண்டபத்தில் தொங்கின. ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை. யானை குளித்தது, தாம் தூங்கியது, தாம் சாப்பிட்டது எல்லாம் கயிற்றில் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டார். கயிற்றில் ஏறியது நடந்தது, ஏறாதது நடக்கவில்லை.

இருபது நாள் கழித்துக் கீழ்மடையிலிருந்து காத்தாயி என்ற குடியானவள் வந்தாள். வரவேண்டிய இரண்டு முறையும் தண்ணீர் வரவில்லை. அவள் பயிர் பால் பிடிக்கிற சமயம். இன்று மடை திறக்காவிட்டால் வருஷத்துச் சோறு பதராகிவிடும்.

காலையிலேயே வந்தவளை மண்டபத்தில் காக்க வைத்தார்கள். அவள் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சிவப்பு நூல் முடிச்சு என்னங்க?" என்று காவல்காரனைக் கேட்டாள்.

"ராஜா இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்ட முடிச்சு."

"இன்னும் மத்தியானம் ஆகலையே?"

"ஏழு பேரும் திங்கட்கிழமை வெற்றிலை போட்டுக்கிட்டே வாரம் முழுசுக்கும் முடிச்சுப் போட்டுடுவாங்க. பெரிய இடத்து வேலை அப்படி."

காத்தாயி தலையாட்டிக்கொண்டாள்.

சபை கூடியது. அவள் முறையிட்டதும் பிரதானி கயிறுகளைக் காட்டினார். "இரண்டு முறையும் கீழ்மடைக்குத் தண்ணீர் போயிருக்கிறது. ஏழும் ஒத்துப்போகிறது."

"என் வயல் வெடிச்சுக் கிடக்கே, சாமி!"

"உன் வயல் முடிச்சுப் போட அனுமதி பெற்றிருக்கிறதா?" என்றார் பிரதானி. சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார்.

காத்தாயிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கும்பிட்டுச் சொன்னாள்: "சரிங்க மகாராஜா. ஒரே ஒரு வரம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க எழுந்திருக்கக் கூடாது."

"கொடுத்தோம்," என்றார் ராஜா.

அவள் உழவிலிருந்து தொடங்கினாள். எருதுகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். நாற்றங்காலுக்கு வரும்போது உச்சி மணி அடித்தது. களை எடுக்கும்போது ராஜாவின் வயிறு சத்தம் போட்டது. அதோடு நிறுத்தி, "முடிஞ்சுதுங்க," என்றாள்.

"இலை போடு!" என்று ராஜா கத்தினார்.

மடைப்பள்ளி அதிகாரி ஓடிவந்து கயிறுகளை எண்ணிப் பார்த்தார். "பிரபு சாப்பிட்டாயிற்றே. ஏழும் ஒத்துப்போகிறது."

"நான் சாப்பிடவில்லை ஐயா! என் வயிற்றைப் பார்!"

"பிரபுவின் வயிறு முடிச்சுப் போட அனுமதி பெறவில்லை," என்றார் அதிகாரி பணிவாக. சட்டம் தெரிந்தவர்.

ராஜா பிரதானியைப் பார்த்தார். கயிறு சரி என்றால் ராஜா பட்டினி. கயிறு தப்பு என்றால் பிரதானியின் வயலில் இருப்பது யார் தண்ணீர்? திருமேனிநாதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மைத்துனர்கள் மூவரும் அப்படியே சரிசெய்துகொண்டார்கள்.

காத்தாயி மெல்லச் சொன்னாள்: "உங்க மடைப்பள்ளி மூடி ஒரு நாழிகைதான் ஆச்சு, மகாராஜா. எங்க மடை மூடி இருபது நாள் ஆச்சு."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"எல்லாரும் முடிச்சுப் போட்டால் எவனாவது பொய் முடிச்சுப் போட மாட்டானா?" என்று கேட்டார்.

"போடட்டுங்க. அவன் வாசல் கயிறு மட்டும் தனியா நிக்கும். நீங்க வச்ச ஏழு கயித்துக்கும் வாசல் ஒண்ணுதானே?"

"கூவி, முடிச்சுப் போட்டு, ஒத்துப் பார்க்க நேரமாகுமே?"

"ஆகும். ஆனா தண்ணி வரும்."

ராஜா எழுந்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

"முதல்ல மடையைத் திறங்க சாமி. அப்புறம் சாப்பிடுங்க."

ராஜா பசியோடு ஏரிக்கரைக்கு நடந்தார். பிரதானிதான் மடைப்பலகையைத் தூக்கினார். பிரதானிதான் கொம்பு ஊதினார். "கீழ்மடைக்குத் தண்ணீர்!" என்று அவர் கூவிய குரல் அவ்வளவு நன்றாக இல்லை, மூன்று முறை கூவச் சொன்னார்கள். வாசலில் கயிறு இல்லாத பெண்கள் முந்தானையில் ஒற்றை முடிச்சு முடிந்துகொண்டார்கள்.

மறுநாள் எல்லா வாசலிலும் கயிறு ஏறியது. அரண்மனை வாசலிலும் ஒன்று தொங்கியது, சாதாரணத் தேங்காய் நார்க் கயிறு. எண்ணிக்கையில் அது இருநூற்று நாற்பத்தொன்றாவது. கொம்புச் சத்தம் கேட்டால் ராஜாவே வந்து முடிச்சுப் போட்டார். பட்டுக் கயிறு ஏழையும் யானைக்குக் கட்டினார்கள். யானை அறுத்துக்கொண்டு போனது.

ராஜாவின் சாப்பாடு மட்டும் அதற்குப் பிறகு எந்தக் கயிற்றிலும் ஏறவில்லை. பசித்தபோது இலை போட்டார்கள்.