நடு வட்டத்தில் தவசி

“மேடம், இந்த விசிலை நீங்களே வச்சுக்கங்க.”

தவசி விசிலை மேசை மேல் வைத்தார். அதன் கயிற்றைச் சுற்றி, ஒழுங்காகப் பக்கத்தில் வைத்தார். கோபத்திலும் ஒழுங்கு தவறாதவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அல்லவா?

ஜெசிந்தா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“உட்காருங்கண்ணே.”

“உட்கார வரல மேடம்.”

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தாறு. குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை மேடம் என்பார். கூடைப்பந்து நடுவர்கள் உலகத்தில் இது சகஜம். யார் முதலில் விசில் வாங்கினாரோ அவரே மூத்தவர். தவசி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஜெசிந்தாவோ எங்கள் ஊர்ப் போட்டிக்கே தலைமை நடுவர்.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்து ஊர். எங்களுக்குத் தேர் இல்லை, தெப்பம் இல்லை. மே மாதம் நடக்கிற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிதான் திருவிழா. பஞ்சாபிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கேரளாவிலிருந்தும் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்து எங்கள் கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

“என்னாச்சுண்ணே?”

“நேத்து நடந்ததை நீங்களும்தானே பார்த்தீங்க?”

பார்த்தார். ஊரே பார்த்தது.

ஆட்டம் தொடங்குவது இப்படி. நடு வட்டத்தில் இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொரு நெட்டையர் எதிரெதிரே நிற்பார்கள். நடுவர் அவர்களுக்கு இடையில் நின்று பந்தை நேர் மேலே போட வேண்டும். அவர்கள் குதித்தாலும் எட்டாத உயரத்துக்குப் போட வேண்டும். பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் அதைத் தட்டலாம். விதி அப்படி. நடுவர் எத்தனை அடி உயரம் என்று விதி கேட்பதில்லை.

தவசி ஐந்தடி இரண்டு அங்குலம்.

முந்தின நாள் மாலை அவருக்கு முதல் பெரிய ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி நடு வட்டத்துக்குள் போனார். அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான்.

பஞ்சாப் அணியின் பதினைந்தாம் எண் ஆட்டக்காரர் ஏழடி. தவசியின் கண்ணுக்கு நேரே இருந்தது அந்த ஒன்றும் ஐந்தும்தான். அதற்கு மேலே கழுத்து. அதற்கும் மேலே எங்கேயோ ஒரு தாடி.

வாயைப் பிளந்தபடியே பந்தைப் போட்டார். அது பதினைந்தின் நெஞ்சில் போய் மோதியது. பதினைந்து அதை ஒரே கையால் எலுமிச்சம்பழம் மாதிரிப் பிடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, தவசியின் தலையில் மெல்லத் தட்டினார்.

“நோ பிராப்ளம், சார்.”

கேலரி மொத்தமும் சிரித்தது. கூட நின்ற ஜெசிந்தா வந்து பந்தை வாங்கித் தானே போட்டார், ஆட்டம் நடந்தது. பதினைந்து நல்ல மனதோடு செய்ததுதான். அதனால்தான் தவசிக்கு அவ்வளவு வலித்தது.

“காலையில டீக்கடைக்குப் போனேன் மேடம். டீ மாஸ்டர் கிளாசைக் குடுத்துட்டு என் தலையில ஒரு தட்டு. ‘நோ பிராப்ளம் சார்’ங்கறான். பேப்பர் படிச்சிட்டிருந்தவனெல்லாம் எந்திரிச்சு வந்து தட்டுறான். அடுத்த மாசம் ஸ்கூல் தொறக்குது. அத்தனை பிள்ளைக முன்னால நின்னு நான் எப்படி ‘அட்டென்ஷன்’ சொல்றது?”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம். நான் பக்கத்தில் இல்லை.

“பந்து போடத் தெரியாதாண்ணே உங்களுக்கு?”

“தெரியும் மேடம். நடுவர் பரீட்சையில நல்லாத்தானே போட்டேன்.”

“அப்புறம்?”

“ஆளைப் பார்த்துட்டேன்.”

“ஆளைப் பார்த்தா?”

“இருபது வருசமா கேலரி உச்சியில உட்கார்ந்து பார்த்திருக்கேன். அங்கருந்து பார்த்தா எல்லாரும் நம்மள மாதிரிதான் தெரிஞ்சாங்க. கிட்டப் போய் நின்னா... மனுசங்களா மேடம் அவங்க? அந்தக் கை! என் மூஞ்சிய ஒரே கையில மூடிரலாம். பயமில்ல மேடம். சத்தியமா பயமில்ல. பிரமிச்சுப் போயிட்டேன். பந்து என் கையில இருக்குங்கறதே மறந்துபோச்சு.”

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்தார்.

“இன்னும் பார்க்கணும் போல இருக்கா?”

தவசி தயங்கினார். பொய் சொல்ல வராத மனிதர்.

“இருக்கு.”

“அப்ப வாங்க.”

கல்யாண மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே தவசி நின்றுவிட்டார்.

“ஒரு செருப்புலயே என் ரெண்டு காலும் போகும் மேடம்.”

“உள்ள வாங்கண்ணே. இன்னும் இருக்கு.”

ஜெசிந்தா பரிமாறுகிறவரிடம் சாம்பார் வாளியைக் கேட்டு வாங்கி, தவசியின் கையில் கொடுத்தார்.

“ஊத்துங்க. கிட்டப் போய்ப் பார்க்கறதுக்கு இதைவிட நல்ல வழி இல்ல.”

தவசி வரிசையில் நடந்தார். மேசைக்கு அடியில் முழங்கால் நுழையாமல் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காலை அசைத்தால் மேசையும் இலையும் தண்ணீர்க் கிளாசும் சேர்ந்து ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. கேரள அணியின் ஏழாம் எண் ஆட்டக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்த பந்தி மேசையிலிருந்த அப்பளக் கூடையை எடுத்தார்.

தவசி ஒவ்வொருவராக ஆசை தீரப் பார்த்தார். தோள். விரல். முழங்காலில் பழைய தையல் தழும்பு. கணுக்காலைச் சுற்றிய பட்டி.

பதினைந்து, சாம்பார் போதும் என்று இலைக்கு மேலே கையை நீட்டினார். இலையைக் காணோம்.

“அடேயப்பா!” என்றார் தவசி, வாய்விட்டே.

பதினைந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “சாம்பார் சூப்பர், சார்.”

வெளியே வந்ததும் ஜெசிந்தா கேட்டார். “பார்த்து முடிச்சிட்டீங்களா?”

“எங்க மேடம் முடியுது? நாள் பூரா பார்க்கலாம்.”

“எனக்கும் அப்படித்தாண்ணே. இத்தனை வருசம் ஆச்சு, இன்னும் அலுக்கல. நீங்க இப்பவே நல்லாப் பார்த்துக்கங்க. சாயந்தரம் நேரம் இருக்காது.”

“சாயந்தரம் என்ன மேடம்?”

“அரையிறுதி. பஞ்சாபும் கேரளாவும். பந்து நீங்கதான் போடறீங்க.”

தவசி ஓரடி பின்வாங்கினார்.

“மேடம், நான்தான் விசிலையே திருப்பிக் குடுத்துட்டேனே!”

“பந்து போடும்போது விசில் எதுக்கு? வாயில வச்சிருந்தா, எவன் முழங்கையாவது பட்டு பல்லு போயிரும்.”

தவசி பின்னாலேயே போனார்.

மைதானத்தில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ஜெசிந்தா அவரை நடு வட்டத்தில் நிற்க வைத்தார்.

“போடுங்க.”

போட்டார்.

“எதைப் பார்த்துப் போட்டீங்க?”

“பதினஞ்சோட மூஞ்சிய.”

“அவரு மண்டபத்துல படுத்துத் தூங்கறாரு.”

“தெரியும் மேடம். ஆனா இங்கயும் நிக்கறாரு.”

ஜெசிந்தா ஓடிய பந்தை எடுத்து வந்தார்.

“சரி, நிக்கட்டும். அவரு கையத் தூக்கிக் குதிச்சா எதுவரைக்கும் எட்டும்?”

தவசி பலகையைக் காட்டினார். வளையத்துக்கு மேலே ஒரு சதுரம் வரைந்திருப்பார்கள். அதன் மேல்கோடு.

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல யாரும் இல்ல. வெறும் ஆகாசம்.”

“அது யாரோட இடம்?”

தவசி யோசித்தார். “ஆண்டவனோடது.”

“ஆண்டவன் பந்து போட வரமாட்டாரு.”

“அப்ப... பந்தோட இடமா?”

“பந்து தானாவா போகுது?”

தவசி பந்தைப் பார்த்தார்.

ஜெசிந்தா பந்தை அவர் கையில் வைத்துவிட்டு நிழலைப் பார்த்துப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவசி தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்தது. கண்ணில் வெயில் குத்தியது. பந்து போனது, வந்தது. யாரோட இடம், யாரோட இடம் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. விடை மட்டும் வரவில்லை.

மாலை ஏழு மணிக்கு விளக்குகள் எரிந்தன. கேலரியில் உட்கார இடமில்லை. வாழைக்காய் மண்டிக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். சுவரில் ஏறி உட்கார்ந்தவர்களைக் காவலர்கள் இறக்கினார்கள். இறங்கியவர்கள் வேறு சுவரில் ஏறினார்கள்.

வர வேண்டாம் என்று தவசி படித்துப் படித்துச் சொல்லியும், அவர் மனைவி வேலுத்தாய் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

“நேத்துச் சிரிச்சவங்க மூஞ்சிய இன்னைக்கு நான் பார்க்கணும்” என்று அவர்களிடம் சொல்லித்தான் அழைத்து வந்தாராம். புருஷன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. எந்த ஆதாரமும் இல்லாத நம்பிக்கை.

மைக்கில் நடுவர்களின் பெயரை வாசித்தார்கள். தவசி என்றதும் மேல்படியிலிருந்து ஒருவன் கத்தினான்.

“நோ பிராப்ளம் சார்!”

கேலரி குலுங்கியது. ஒருவர் தலையில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

வேலுத்தாய் எழுந்து திரும்பி நின்றார்.

“எவன்டா அவன்? கீழ இறங்கி வந்து சொல்லு பாப்போம்!”

எவனும் இறங்கி வரவில்லை.

தவசி நடு வட்டத்துக்குள் போனார். இந்தப் பக்கம் பதினைந்து. அந்தப் பக்கம் ஏழு. இருவர் மூச்சும் அவர் தலைக்கு மேலே கேட்டது. தைல வாசனை அடித்தது. இரண்டு பேரின் முழங்கையும் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

அண்ணாந்து பார்த்தார். தாடி தெரிந்தது. தாடிக்கு மேலே சிரிப்பு. பதினைந்துக்கு நேற்றைய ஞாபகம் இருந்தது போல.

தவசி பார்வையை அங்கே நிறுத்தவில்லை. இன்னும் அண்ணாந்தார். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்தார்.

அவர்கள் கைகளுக்கு மேலே விளக்கு வெளிச்சம் நிறைய இருந்தது. அதில் பூச்சிகள் பறந்தன. வேறு யாரும் இல்லை.

அங்கே போட்டார்.

இரண்டு பேரும் குதித்தார்கள். அந்த உடம்புகள் அப்படி எழும்புவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். தரை அதிர்ந்தது. காற்று தவசியின் சட்டையை இழுத்தது. அவர் குனியவில்லை, விலகவில்லை. போட்ட கையை இறக்கக்கூட இல்லை.

இரண்டு கைகளும் உச்சிக்குப் போய் ஒன்றையொன்று தாண்டின. பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் தரைக்கு வந்துவிட்டார்கள். பந்து அப்போதுதான் உச்சியில் நின்றது.

கேலரியில் சத்தமே இல்லை. பதினைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வாய் திறந்திருந்தது. அவர்களை அப்படி அண்ணாந்து பார்க்கவைத்தவர் எங்கள் ஊர்க்காரர். இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

பந்து இறங்கி வந்து, யார் கையும் படாமல், நடு வட்டத்தில் ‘தொம்’ என்று விழுந்தது.

ஜெசிந்தா விசில் ஊதினார். யாருமே தட்டாவிட்டால் மறுபடியும் போட வேண்டும் என்பது விதி.

அதற்கப்புறம்தான் கேலரி கத்தியது. நான் எத்தனையோ கோப்பைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சுவரில் இருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள். வேலுத்தாய் பக்கத்து வீட்டுக்காரிகளைப் பிடித்து உலுக்கினார். “எங்க வீட்டுக்காரரு! போட்டது எங்க வீட்டுக்காரரு!” என்றார், அவர்களுக்குத் தெரியாதது போல.

தவசிக்கு மட்டும் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம். ஜெசிந்தா பந்தோடு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் பதினைந்து குறுக்கே வந்தார். ஏழடி மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் புகார் சொன்னார்.

“டூ ஹை, மேடம்! வெரி ஹை!”

“ரொம்ப மேல போயிருச்சா மேடம்?” என்றார் தவசி. “கொஞ்சம் குறைச்சுப் போடவா?”

ஜெசிந்தா பந்தை அவர் கையில் வைத்தார்.

“அதே உயரத்துலயே போடுங்கண்ணே. அவங்க ஏறி வரட்டும்.”