தேனப்பன் கடை வாசல் பாய்

மலையடிவாரக் குகை ஒன்றில் தேனப்பன் என்ற கரடி தேன்கடை வைத்திருந்தது. சித்திரை வெயிலில் தேனடை உருகிவிடக் கூடாதே! அதனால் குகையின் பின்பக்கத் துவாரத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டியிருந்தது. வேழாம்பாள் என்ற யானை குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தட்டியை நனைக்கும். அதன் வழியே காற்று ஜில்லென்று உள்ளே வரும்.

கடை வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். குளிர்ச்சி பாதை வரை வீசும். மானும் குரங்கும் முயலும் வாசலில் வந்து நின்று, "தேனப்பன் கடை மாதிரி வருமா!" என்று புகழும். கூட்டத்தைப் பார்த்துக் கரடிக்கு மனசு குளிர்ந்துபோகும்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. காட்டுச் சபை ஒரு விதி போட்டது. அதைச் சொல்லக் கீரி வந்தது.

"கடைக்காரர் எல்லோரும் வாசலில் கோரைப்பாய் தொங்கவிட வேண்டும். தட்டி நனைக்க நாளைக்கு இரண்டு நடைத் தண்ணீர்தான்!"

"வீடுகளுக்கு இந்த விதி கிடையாதா?"

"வீட்டுக்கு யார் இப்படிப் பத்து நடை தண்ணீர் ஊற்றுகிறார்கள்?"

"வாசலை மூடினால் கடையே மூடிவிட்டது என்று போய்விடுவார்களே!"

"உள்ளே வருகிறவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அண்ணாச்சி!"

கரடி பாயைக் கட்டியது. ஆனால் கீரியின் வால் மறைந்ததும் சுருட்டி மேலே செருகிவிட்டது. தண்ணீரும் பழையபடி பத்து நடை வந்தது.

"பாதித் தண்ணீர் பாதையைத்தானே குளிர வைக்கிறது?" என்றது வேழாம்பாள்.

"நீ ஊற்று தாயி! நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஒருநாள் காலையில் இரண்டு நடை ஊற்றியதும் யானைக்குக் காலில் முள் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் கரடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனது. பல நாள் கழித்து அன்றுதான் அது குளத்தைப் பார்த்தது.

தண்ணீர் நடுவில் ஒரு குட்டை போலச் சுருங்கிக் கிடந்தது. கோரைப் புதருக்குள் நீர்க்கோழி ஒன்று முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் இருந்தவரை அதற்குப் பயமில்லை. இப்போது எட்டு முழ அகலத் தண்ணீர்தான் காவல்.

கரையில் நரி கால் நீட்டிப் படுத்திருந்தது.

"வாங்க முதலாளி! உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்."

"எனக்காகவா?"

"ஆமாம்! இன்னும் நாலு நாள் இதேபோல எடுங்கள். கால் நனையாமல் அந்தப் புதருக்கு நடந்துவிடுவேன். நீங்கள் நல்லா இருக்கணும்!"

நீர்க்கோழி கரடியையே பார்த்தது.

கரடி மொள்ளச் சாய்த்த குடத்தை அப்படியே நிமிர்த்தியது.

"போச்சு போ!" என்று நரி எழுந்து உட்கார்ந்தது.

வெறுங்குடத்தோடு திரும்பி வந்த கரடி, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டது. "தேன் வேண்டுமென்றால் உள்ளே வாங்க. இல்லையென்றால் வழிவிடுங்க!" என்று பாயை இறக்கியது.

"என்ன திமிர்!" என்று குரங்கு முகத்தைச் சுளித்தது. எல்லோரும் கலைந்துவிட்டார்கள். இத்தனை நாளும் அதில் ஒருவர்கூட ஒரு துளி தேன் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் கரடிக்கு உறைத்தது.

உச்சி வெயில் ஏறியது. கரடி தேனடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. காலையில் நனைத்த ஈரம் தட்டியில் இன்னும் இருந்தது. குளிர்ச்சி வெளியே போகாமல் குகைக்குள்ளேயே நின்றது. தேனடை உருகவில்லை. "ஆண்டவனே!" என்று கரடி பெருமூச்சு விட்டது.

பாயை முட்டித் தூக்கிக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி தலையை நீட்டியது.

"கடை உண்டா?"

"உண்டு, உண்டு! முதலில் பாயை இறக்கிவிட்டு உள்ளே வா!"

ஆண்டவன் எல்லோருக்குமாகக் கொடுத்ததை நம் வாசல் பெருமைக்காக வீணாக்கினால், அந்த ஆபத்து நம் கண்ணில் படாத ஓர் ஏழையின் வீட்டில்தான் போய் முடியும்.