அரியநாயகம் சொன்ன குறைகள்

"என்னிடம் என்ன குறை கண்டீர்கள் அம்மா?" என்று கேட்டார் அரியநாயகம்.

வடிவாம்பாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் பேச்சைப் புத்தகமாக்கும் வேலையை ஒரு மாட்டு டாக்டரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் இங்கே வந்தது போன வருஷம்."

"அவர் எழுதினதைப் படிச்சீங்களா?"

"இல்லை."

"படிச்சுட்டு வாங்க."

அவ்வளவுதான். அம்மா தண்டைக் கிள்ளி ஒதுக்கினார்.

மலையடிவாரத்தில் இருந்த அம்மாவின் சிறிய ஆசிரமத்தில் வந்து தங்கியவர்களில் பலர் அம்மாவைவிட வயதில் மூத்தவர்கள். மாலையில் அவர் பேசுவார். பதிவு செய்ய விடமாட்டார். கேட்டவர் மனத்தில் தங்கியது தங்கட்டும் என்பார். அதனால் புத்தகம் எழுதுகிறவர் தன் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும்.

அந்த வேலை குழந்தைவேலுக்குப் போயிருந்தது. அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்தின் ஒரே கணினியில், காலை வேளைகளில், இரண்டு விரல்களால் தட்டித் தட்டி எழுதினார். மதியம் பசுக்களைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த மதியங்களில் அரியநாயகம் போய்ப் படித்தார்.

குறை தேடித்தான் படித்தார். சந்திப்பிழைகள் இருந்தன. ஓர் இடத்தில் எழுவாய் ஒருமை, வினைமுற்று பன்மை. முதல் நாள் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள், எழுத்து நன்றாக இருக்கிறது என்பது தெரிந்தது.

அதன் பிறகு அவரால் போகாமல் இருக்க முடியவில்லை. புதிதாக எழுதியதைப் படிப்பார். பழையதை மறுபடி படிப்பார். நடக்கும்போதும் குளிக்கும்போதும் அந்த வாக்கியங்கள் வாயில் வந்து நின்றன. நானாக இருந்தால் இதை எப்படி எழுதியிருப்பேன் என்று தாளில் எழுதிப் பார்ப்பார். அவருடையது ஒவ்வொரு முறையும் நீளமாக இருந்தது.

கிழித்துப் போடுவார்.

ஒருநாள் ஒரு முடிவுக்கு வந்தார். முழுவதையும் நகல் எடுத்து, பிழைகளைச் சிவப்பில் குறித்து, அம்மா முன்னால் வைத்துவிட வேண்டும்.

கோப்பைத் திறந்தார். எல்லா எழுத்தையும் தேர்வு செய்தார். நகலெடுக்கும் விசை என்று நினைத்து, பக்கத்தில் இருந்த வெட்டும் விசையை அழுத்திவிட்டார்.

திரை வெளுத்துப்போனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். அரியநாயகம் பதறிக் கோப்பை மூடப் போனார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று தட்டினார். கணினியையும் அணைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியேறினார்.

வந்தது பால்காரர்.

காலையில் குழந்தைவேல் கோப்பைத் திறந்தார். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

டவுனிலிருந்து கணினி பழுதுபார்க்கும் பெண் வந்தாள். உச்சி வெயில் வரை தேடினாள்.

"வெறும் ஃபைலைப் பழசு மேலயே சேவ் பண்ணியிருக்கு சார். வேற காப்பி எங்கயும் இல்ல. பென் டிரைவ்ல ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா?"

"முதல் அதிகாரம் மட்டும் இருக்கும்மா."

"அப்ப அதுதான் சார் மிச்சம்."

அரியநாயகம் ஜன்னலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டார். உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஜன்னலை விட்டு விலகி நடந்தார்.

குழந்தைவேல் யார் மீதும் சந்தேகப்படவில்லை. தானே ஏதோ தப்பாகத் தட்டிவிட்டதாக நம்பினார். மறுபடி எழுத உட்கார்ந்தார். வரவில்லை. சில நாள் பார்த்தார். பிறகு துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"ஊருக்குப் போறேன் அம்மா. அது ஒரு தடவைதான் வரும்போல. உட்கார்ந்தா மனசு வெறும் மரமா இருக்கு."

"புத்தகம்?"

"அரியநாயகம் ஐயா எழுதட்டும். அவர் புலவர். என்னைவிட நல்லா எழுதுவார்."

அரியநாயகமும் அங்கேதான் இருந்தார். இத்தனை நாளாக அவர் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. கேட்டதும் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான்தான் அழித்தேன்" என்றார்.

குழந்தைவேல் திரும்பினார்.

"நீங்களா?"

"நகல் எடுக்கப் போனேன். விரல் தவறிவிட்டது."

"நகல் உங்களுக்கு எதுக்கு?"

அரியநாயகம் தரையைப் பார்த்தார்.

"கேக்கறார் இல்ல?" என்றார் அம்மா.

"உங்கள் குறைகளை அம்மாவிடம் காட்ட. பொறாமை, டாக்டர்."

குழந்தைவேலின் முகம் சிவந்தது. "குறையை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே ஐயா! பதினோரு மாசம். ஒரு சொல்லுக்கு ஒரு நாள் பூரா உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கு அது..." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என்ன குறை?" என்று கேட்டார் அம்மா.

"இப்போதா அம்மா?"

"இப்பதான். சொல்லுங்க."

அரியநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கமே தவறு. 'தாகம் எடுத்தவன் கயிற்றை அளப்பதில்லை' என்று இருந்தது. நீங்கள் அன்றைக்குக் கயிற்றைப் பற்றிப் பேசவேயில்லை."

"அடுத்து?"

"அடுத்த வரியில் 'ஆகையால்' தேவையில்லை. 'ஆகையால், கிணறு ஆழம் என்று சொல்கிறவனுக்கு இன்னும் தாகம் வரவில்லை.'"

"அதுக்கு அடுத்து?"

சொன்னார். அதற்கு அடுத்ததையும் சொன்னார். ஒரு பக்கம் போனபின், குறை சொல்ல மறந்துவிட்டார். வரிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

குழந்தைவேல் வாசல்படியில் நின்று கேட்டார். பையை இறக்கி வைத்தார். மூலையில் இருந்த கணினியின் முன் போய் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் மெதுவா" என்றார்.

அன்றிலிருந்து ஒருவர் சொல்ல, ஒருவர் தட்டினார். அம்மா ஒரு நாற்காலியைப் போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். குழந்தைவேல் அரியநாயகத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. "ம்" என்பார். அடுத்த வரி வரும். சில இடங்களில் அரியநாயகத்தின் குரல் கம்மும். நன்றாக இருந்த இடங்கள் அவை.

கடைசி அதிகாரம் வந்தது. எத்தனை வேண்டினாலும் கடவுள் பதிலே சொல்வதில்லையே என்று ஒருவர் அம்மாவிடம் கேட்ட கட்டம்.

அரியநாயகம் நின்றுவிட்டார்.

"மறந்துடுச்சா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லை."

"பின்னே?"

அரியநாயகம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'அழுகிற பிள்ளைக்குத் தாய் பதில் சொல்வதில்லை. தூக்கிக்கொள்கிறாள்.'"

குழந்தைவேலின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.

"இது நான் எழுதினதில்லையே ஐயா."

குழந்தைவேல் அம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா, நீங்க சொன்னதா?"

"நான் சொல்லலை" என்றார் அம்மா.

"அப்ப நீங்கதான் சேர்த்திருக்கீங்க." குழந்தைவேல் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும் ஐயா. நல்ல வரி. புத்தகத்துலயே இதுதான் நல்ல வரி. உங்க பேரைப் போட்டுடறேன்."

அம்மா அரியநாயகத்தைப் பார்த்தார்.

வெளியே ஒரு பசு கத்தியது. நிறுத்தியது.

"உங்களுடையதுதான், டாக்டர்."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை."