மரப்பட்டறையில் பிறந்தநாள்

நாகூரில் அத்தர் செய்து விற்கும் மஹ்மூதாவிடம் சீடராகச் சேர்ந்தபோது செபஸ்தியானுக்கு ஐம்பது வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. அதுவரை செபஸ்தியான் மைத்துனரின் பேக்கரியில் கேக் போட்டுக்கொண்டிருந்தார்.

வழியனுப்பும்போதே மைத்துனர், "மாவு பிசையற வேலை எங்கயும் போயிடாது மச்சான், எப்ப வேணா வாங்க" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்புக்காகவே செபஸ்தியான் தேறியாக வேண்டும்.

குரு கேட்டது ஒரு வெனிலா அத்தர். மர வாசம் தூக்கலாக, இனிப்பு அடங்கி இருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் புட்டியை முகர்ந்து பார்க்கிற வழக்கம் இல்லை. சீடரின் சட்டையில் தடவிக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். தெரு சொல்வதுதான் தீர்ப்பு. தேறினால் புட்டியில் சீடர் தன் பேரை ஒட்டிக்கொள்ளலாம்.

முதல் தடவை பிள்ளைகள் பின்னாலேயே வந்து கேக் கேட்டன.

செபஸ்தியானுக்கு ரோஷம் வந்துவிட்டது. சந்தனம், தேவதாரு, வெட்டிவேர் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் சேர்த்தார். இந்தத் தடவை பூக்காரி ருக்மணி மூக்கைச் சுளித்தாள்.

"மரப்பட்டறையில யாருக்குண்ணே பொறந்தநாள்?"

குருவிடம் வந்து அதை அப்படியே சொன்னார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"வெனிலாவைக் குறைச்சீங்களாண்ணே?"

"பாதியாக் குறைச்சேம்மா. இனிப்பே தெரியல."

மஹ்மூதா டீ போட்டுக் கொடுத்தார். செபஸ்தியான் ஒரு வாய் குடித்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் தேடினார்.

"கொதிக்கும்போதே மூணு கரண்டி போட்டுட்டேன்" என்றார் குரு.

செபஸ்தியான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரி அவர் நாக்கை மட்டுமா கெடுத்திருக்கும்?

"இந்த மூக்கை வச்சுக்கிட்டு எங்க நிறுத்தறதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்குப் போதாதுன்னு படும் பாருங்க, அங்க நிறுத்துங்க."

மூன்றாவது புட்டி அவர் மூக்குக்கு வெறும் பலகையாக இருந்தது. பேக்கரி அடுப்பின் சூடு இப்போதே முகத்தில் அடிப்பது போலிருந்தது. குரு சொல்லிவிட்டாரே என்று தடவிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. ருக்மணி மட்டும் பூக்கூடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, தர்கா வரைக்கும் பின்னாடியே வந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். தெரியலண்ணேன்னுச்சு."

மஹ்மூதா ஒட்டுச்சீட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"பேரை எழுதுங்கண்ணே."