மொட்டைமாடி கேட்டு வந்த ரேடியோ வீரர்

எங்கள் வாலிபால் கிளப் மொட்டைமாடியை விளையாட்டுக்கு மட்டும்தான் கொடுப்போம். அது விதி. அமெச்சூர் ரேடியோ சங்கரபாண்டிக்கு அந்த மாடியில் ஆன்டெனா நட வேண்டும். குடியிருக்கும் வீட்டில் வைத்திருந்ததை வீட்டுக்காரர் பிடுங்கிப் போட்டுவிட்டார். சனிக்கிழமை உலக ரேடியோப் போட்டி. மாடி இல்லாவிட்டால் மனுசன் அவ்வளவுதான். அதனால் ரேடியோவும் விளையாட்டுதான் என்று வாதாட எங்கள் கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"வேர்க்குமா?" என்று ஆரம்பித்தார் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீங்க? உலகம் பூரா ஆளுகளைக் கூப்பிட்டுப் பேசணும், ஆளுக்கு இத்தனை புள்ளின்னு. போன போட்டியில ரெண்டு நாளு நாற்காலிய விட்டு எந்திரிக்கல. வடிஞ்ச வேர்வைய கீழ்வீட்டுக்காரரு வாழைக்குப் பாய்ச்சிட்டாரு. அந்தக் கோடைக்கு அவரு மோட்டாரே போடல."

"உப்புத் தண்ணியில வாழை வருமாண்ணே?" என்றான் எங்கள் கேப்டன் டேனியல்.

"வந்துச்சே. சிப்ஸுக்குத் தனியா உப்புப் போட வேண்டியதில்ல."

புளுகுகிறவனைப் பாதியில் நிறுத்துவது பாவம் என்று நினைக்கிறவன் நான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சரி, அடிபடுமா?" என்றார் அண்ணாச்சி.

"அன்டார்டிகாக்காரன் ஒருத்தன் பேசினான். ஹெட்போன் வழியா வந்த குளிர்ல காது விறைச்சுப்போச்சு. காதுல இருந்த ஐஸைச் சுரண்டி வீட்டுல எல்லாருக்கும் சர்பத் போட்டோம்."

"ஓட்டம்?"

"நான் எதுக்கு ஓடணும்? என் குரல் ஓடும். பிரேசில்காரனைக் கூப்பிட்டேன், குரல் உலகத்தைச் சுத்தி என் முதுகுப் பக்கமா வந்துட்டு. யாரோ கூப்பிடுதானேன்னு நானே பதில் சொல்லிப் புள்ளியும் போட்டுக்கிட்டேன். நடுவரு வெட்டிட்டாரு. ஒரே ஊர்க்காரனுக்குப் புள்ளி கிடையாதாம்."

பாண்டி முகத்தில் சிரிப்பே இல்லை. கண் மட்டும் மாடிப்படியைப் பார்த்துக் கெஞ்சியது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"எதிராளி பேசுறது எப்படிக் கேக்குன்னு மார்க் போடுவீங்களாமே?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா. அம்பத்தொம்பதுதான் உச்சம். போட்டியில எல்லாருக்கும் அதேதான் குடுப்போம்."

"ஒண்ணுமே கேக்கலைன்னா?"

"அப்பவும் அம்பத்தொம்பதுதான். குடுத்துட்டு, 'கேக்கல, திரும்பச் சொல்லுங்க'ம்போம்."

அன்று அவர் சொன்னதில் இது ஒன்றுதான் நிஜம். பின்னால் விசாரித்தேன். ஆனால் அத்தனையையும் பொறுத்துக்கொண்ட கமிட்டி இதற்குத்தான் கொல்லென்று சிரித்தது.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மாடிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாண்டி, நீ சொன்னதுக்கெல்லாம் அம்பத்தொம்பது. மாடி கிடையாது."